கொண்டுவந்து சேர்த்தவருக்கு என்ன பங்கு? திருவனந்தபுரத்தில் தரகுவழித் துணை வருமானத்தின் வரலாறு

திருவனந்தபுரம் ஒரு சம்பள நகரம். சமஸ்தானத்தின் தலைநகராக இருந்து மாநிலத்தின் தலைநகராக ஆன அந்த ஊர், ஆலைகளால் வளர்ந்ததைவிட அலுவலகங்களால் வளர்ந்ததே அதிகம். தலைமைச் செயலகம், 1937இல் தோன்றிய பல்கலைக்கழகம், 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பா, 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் என ஒவ்வொரு கட்டத்திலும் அந்நகரின் நடுத்தரக் குடும்பம் மாதச் சம்பளத்தையே அச்சாகக் கொண்டு சுழன்றது. சம்பளம் உறுதியானது; அதே காரணத்தால் எல்லைக்கு உட்பட்டது. எனவே துணை வருமானம் என்ற தேடல் இந்நகரில் புதியதன்று. இன்று இணையத்தில் பொருள்களை மதிப்பிட்டு எழுதி, அவற்றை வாங்குவதற்கான இணைப்பைத் தந்து, அவ்வழியே நடக்கும் விற்பனையில் ஒரு விழுக்காட்டைப் பெறும் ‘அஃபிலியேட்’ முறையை முற்றிலும் புதிய தொழிலாகவே பலர் பேசுகின்றனர். உண்மையில் அது தரகின் மிக அண்மைய வடிவம். பொருளைச் செய்யாமலும் இருப்பு வைக்காமலும், வாங்குபவரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக மட்டும் பங்கு பெறும் வழக்கத்துக்குத் திருவனந்தபுரத்தில் நீண்ட வரலாறு உண்டு.

அவ்வரலாற்றைப் படிக்க மூன்று கேள்விகள் உதவும். கமிஷனின் விழுக்காட்டை யார் தீர்மானிக்கிறார்? வாங்குபவரைக் கொண்டுவந்தவர் யார் என்பதை நிறுவனத்தின் பதிவேடு எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறது? கமிஷன் கொடுக்கப்படுகிறது என்பது வாங்குபவருக்குத் தெரியுமா? இம்மூன்றில் இரண்டாவது கேள்வியே அதிகம் கவனிக்கப்படாதது; துணை வருமானம் வருமானமாக நிலைக்கிறதா என்பதைப் பெரிதும் முடிவுசெய்வதும் அதுவே.

தரகு என்ற சொல் பழையது. பல்லவர் காலச் செப்பேடுகளின் வரிப் பட்டியல்களில் அது இடம்பெறுகிறது. அதாவது, அரசு வரி விதிக்கும் அளவுக்கு அன்றே அது தனித் தொழிலாக இருந்தது. மலையாளத்திலும் அச்சொல் வழங்குகிறது; ‘தரகன்’ என்பது வணிகக் குடும்பங்களின் பட்டப் பெயராகவே நிலைத்துவிட்டது. திருவனந்தபுரத்தில் இதன் இயல்பான களம் சாலைக் கடைத்தெரு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய இக்கடைத்தெருவில் தமிழ் வணிகர்களுக்குத் தொடக்கம் முதலே பெரும் இடமுண்டு. இத்தகைய சந்தைகளில் தரகரின் முதலீடு அவருடைய பேச்சும் முகமும்தான். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கொண்டே பேரம் முடிந்தது. அங்கேயே கணக்கும் தீர்ந்தது. யார் கொண்டுவந்தார் என்பதைத் தனியே எழுதிவைக்கும் தேவை எழவில்லை. ஆனால் அந்த இடத்தில் நிற்க எல்லாராலும் முடியாது. சாதி, உறவு, மொழி, ஆண் என்ற தகுதி ஆகியவை தெருவில் நிற்கும் உரிமையைப் பங்கிட்டன. அலுவலக எழுத்தரின் மனைவியோ கல்லூரி மாணவரோ அங்கே தரகராக முடிந்திருக்காது.

அவர்களுக்கான வழியைத் திறந்தது காப்பீடு. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் முகவரை உரிமம் பெற்றவராக்கியது. இச்சட்டத்தின் இரண்டு பிரிவுகள் தரகின் வரலாற்றில் தனிக் கவனத்துக்குரியவை. 41ஆம் பிரிவு, முகவர் தமக்குக் கிடைக்கும் கமிஷனில் ஒரு பகுதியை வாங்குபவருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்து ஆசை காட்டுவதைத் தடை செய்தது. 44ஆம் பிரிவு, குறிப்பிட்ட காலம் பணியாற்றிய முகவருக்குரிய புதுப்பிப்புக் கமிஷனை அவர் விலகிய பின்னும் நிறுத்தக் கூடாது என்றும், அவர் இறந்தால் வாரிசுகளுக்குத் தர வேண்டும் என்றும் வகுத்தது. 1956இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவான பிறகும் ‘வாரிசுக் கமிஷன்’ என்ற ஏற்பாடு தொடர்ந்தது. ஒருவர் ஒரு குடும்பத்தைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தார் என்பதை நிறுவனத்தின் பேரேடு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தது. முகவர் இறந்த பின்னும் அந்த நினைவு அழியவில்லை. தரகு ஏறத்தாழ ஒரு சொத்தின் தன்மையைப் பெற்ற கட்டம் இது.

சம்பள நகரத்தில் இதற்கு ஒரு தடை இருந்தது. அரசு ஊழியர் தாமே வணிகம் செய்ய முடியாது. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 15ஆம் விதி இதை நுட்பமாகக் கையாள்கிறது. ஊழியரின் குடும்பத்தினர் காப்பீட்டு முகமையோ கமிஷன் முகமையோ நடத்துவதை விதி தடுக்கவில்லை. அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த முகமைக்காக ஊழியர் ஆள் பிடித்தால் அது விதிமீறல். மேலாளரின் மனைவி முகவராக இருக்கையில் கீழ்நிலை எழுத்தர் அவரிடம் பாலிசி எடுப்பது விருப்பத்தாலா, அச்சத்தாலா என்ற கேள்விக்கு விதி தந்த விடை இது. கமிஷன் பெறும் உறவை வெளிப்படுத்த வேண்டும் என்ற கோட்பாடு இந்தியாவில் இணைய விளம்பரங்களோடு பிறந்ததன்று. அலுவலகக் கோப்புகளில் அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது.

அடுத்த கட்டம் அஞ்சலகத்தைச் சார்ந்தது. 1972 ஏப்ரல் 1 அன்று மகளிர் முகவர்களுக்கான ‘மகிளா பிரதான் க்ஷேத்ரிய பச்சத் யோஜனா’ என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. வீடு வீடாகச் சென்று ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்குக்கு மாதத் தவணையை வாங்கி அஞ்சலகத்தில் கட்டுவது முகவரின் வேலை. கமிஷன் 4%. வாங்கிய தொகையை ஓர் அட்டையில் குறித்துக் கையெழுத்திட்டு, அந்த அட்டையைச் சேமிப்பவரிடமே விட்டுவர வேண்டும். கணக்கு எளியது: மாதம் ஆயிரம் ரூபாய் சேமிக்கும் வீட்டிலிருந்து நாற்பது ரூபாய், அத்தகைய நூறு வீடுகள் இருந்தால் நான்காயிரம் ரூபாய். ஒரு வீட்டை ஒருமுறை சேர்த்துவிட்டால் அறுபது மாதங்களுக்கு அவ்வருமானம் தொடரும். ஆனால் அந்த அறுபது மாதங்களிலும் படியேறிக் கதவைத் தட்ட வேண்டும். நினைவு நீண்டது, உழைப்பும் அதே அளவு நீண்டது.

இம்முறையில் அரசு விலைக்கு வாங்கியது அண்டை வீட்டு நம்பிக்கையை. அஞ்சலகத்தின் கட்டடமும் முத்திரையும் தம்மளவில் ஒரு குடும்பத்தை மாதந்தோறும் சேமிக்க வைக்கவில்லை. தேதி தவறாமல் வந்து நிற்கும் ஒரு பெண்ணின் வருகை அதைச் செய்தது. அதே நம்பிக்கைதான் இம்முறையின் பலவீனமும். அட்டையில் குறித்த தொகை அஞ்சலகக் கணக்கில் ஏறவில்லை என்றால் அதைச் சேமிப்பவர் அறிய நாளாகும். அட்டை, கையெழுத்து, காலவரையுள்ள அதிகாரச் சான்று ஆகிய அனைத்தும் அந்த ஆபத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடுகள். பழைய தரகைப் பொற்காலமாகக் காட்டுவதற்கு இங்கே இடமில்லை.

இதே நகரத்தில், சில ஆண்டுகளுக்கு முன்பே, அரசு இன்னொரு வகைத் தரகையும் தொடங்கியிருந்தது. 1967இல் இ.எம்.எஸ். அமைச்சரவையின் நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு முன்முயற்சியில் கேரள மாநில லாட்டரி தோன்றியது. 1967 நவம்பர் 1 அன்று விற்பனை தொடங்கியது. 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல் நடந்தது. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். இயக்குநரகம் திருவனந்தபுரத்தின் விகாஸ் பவனில் இயங்கியது. குலுக்கல்கள் பழவங்காடி ஸ்ரீ சித்ரா ஹோம் அரங்கிலும், பின்னர் பேக்கரி சந்திப்பில் உள்ள கோர்க்கி பவனிலும் நடந்தன. முகவரிடமிருந்து சீட்டு வாங்கிச் சில்லறையாக விற்போரில் முதியவர்களும் மாற்றுத் திறனாளிகளும் கணிசமானோர். அவர்களுக்கு இது துணை வருமானமாக மட்டும் இல்லை. பலருக்கு இதுவே முழு வாழ்வாதாரம்.

லாட்டரித் தரகின் அமைப்பு காப்பீட்டுக்கு நேர்மாறானது. விற்பவர் சீட்டைப் பணம் கொடுத்து எடுக்கிறார். விற்காத சீட்டு அவருடைய நட்டம். அரசின் நினைவோ ஒரு குலுக்கலோடு முடிகிறது. ஆயினும் அந்த ஒரு குலுக்கலுக்குள் நினைவு மிகக் கூர்மையானது. சீட்டின் பின்புறத்தில் முகமையின் முத்திரை இருக்கும். பரிசு விழுந்தால் அம்முத்திரையைக் கொண்டே முகவர் அடையாளம் காணப்பட்டு, முதல் பரிசில் 10% அவருக்குப் போகிறது. அத்தொகை பரிசிலிருந்தே கழிக்கப்படுகிறது. 2022 திருவோணம் பம்பரில் முதல் பரிசு 25 கோடி ரூபாய். அச்சீட்டு விற்றது திருவனந்தபுரத்தில். முகவருக்கான இரண்டரைக் கோடியும், எஞ்சியதில் 30% வரியும் போக வென்றவர் கைக்கு வந்தது 15 கோடியே 75 லட்சம். கொண்டுவந்து சேர்த்தவரின் பங்கை வாங்கியவரே கொடுக்கிறார் என்பது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் தரகு வேறில்லை.

சீட்டின் பின்புற முத்திரையை மனத்தில் வைத்துக்கொண்டால் இணையத் தரகு எளிதில் விளங்கும். 1989இல் அமெரிக்காவின் ப்ராடிஜி என்ற கணினி வலையமைப்பில் பூங்கொத்து விற்ற வில்லியம் டோபின், விற்பனைக்கேற்ப அவ்வலையமைப்புக்குப் பங்கு கொடுத்ததை இம்முறையின் தொடக்கமாகச் சொல்வதுண்டு. 1994இல் இசைத்தட்டு விற்ற சிடிநவ் இதைப் பிற தளங்களுக்கு விரித்தது. 1996 ஜூலையில் அமேசான் தன் ‘அசோசியேட்ஸ்’ திட்டத்தைத் தொடங்கி, பரிந்துரைப்பவரை அடையாளம் காணும் முறைக்கு 2000ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றது. இணைப்பு முகவரியின் நடுவே பொதிந்திருக்கும் குறியீடு யாருடையதோ அவருக்குக் கமிஷன். லாட்டரிச் சீட்டில் மையால் பதித்த முத்திரை இங்கே எழுத்துகளின் வரிசையாக மாறியிருக்கிறது. 2013இல் அமேசான் இந்தியாவில் கடை விரித்தது. கைபேசியையும் சமையல் கருவியையும் போட்டித் தேர்வு நூலையும் மதிப்பிடும் மலையாள, தமிழ்ப் பக்கங்களின் கீழே இத்தகைய இணைப்புகள் பெருகின.

இம்மாற்றம் திறந்துவிட்ட கதவைக் குறைத்து மதிப்பிட முடியாது. சாலைத் தெருவில் நிற்க வேண்டிய தேவை இல்லை. சாதியும் உறவும் முன்நிபந்தனை இல்லை. கணவரின் அலுவலகப் பதவி தேவையில்லை. படியேறிக் கதவு தட்ட வேண்டியதும் இல்லை. விடுதி அறையில் இருக்கும் ஆய்வு மாணவரும் இரவில் குழந்தை உறங்கிய பின் எழுதும் தாயும் ஒரே வாசல் வழியே நுழையலாம். இருப்பு வைக்காததால், விற்காத சீட்டின் நட்டமும் இல்லை.

நட்டம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அமேசான் திட்டத்தில், ஒருவர் இணைப்பைச் சொடுக்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் பரிந்துரைத்தவருக்குப் பங்கு. அந்நேரத்துக்குள் பொருளைக் கூடையில் இட்டுவைத்தால் மட்டும் காலம் நீளும். இடையில் வேறொருவரின் இணைப்பைச் சொடுக்கிவிட்டால் பங்கு அவருக்கு மாறிவிடும். பதிவுசெய்து 180 நாள்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கே நீக்கப்படும். ஒருவர் பத்து நாள் செலவிட்டு ஐந்து மின்னரைப்பான்களை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையைப் படித்து, இரண்டு நாள் குடும்பத்தோடு கலந்துபேசி, மூன்றாம் நாள் நேரே கடையின் தளத்துக்குச் சென்று வாங்கும் வாசகர் அக்கட்டுரையால்தான் வாங்கினார். பதிவேட்டின் கண்ணில் அவரை யாரும் கொண்டுவரவில்லை. காப்பீட்டில் வாரிசு வரை நீண்ட நினைவு, அஞ்சலகத்தில் அறுபது மாதமாக, லாட்டரியில் ஒரு குலுக்கலாக இருந்த நினைவு, இங்கே ஒரு நாளாகச் சுருங்கியுள்ளது. சிந்தித்து வாங்குபவரைவிட உடனே வாங்குபவரையே இவ்வமைப்பு மதிக்கிறது. நிதானமாக அலசும் எழுத்தைவிட ‘இன்றே வாங்குங்கள்’ என்று துரத்தும் எழுத்து பெருகுவதற்கு எழுதுவோரின் குணத்தைவிட இந்தக் காலவரையறையே பெரிய காரணம்.

விழுக்காட்டைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2011இல், ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சியாமளா கோபிநாத் தலைமையிலான குழு சிறுசேமிப்புத் திட்டங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் பொது வருங்கால வைப்பு நிதிக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புக்கும் முகவர் கமிஷன் நிறுத்தப்பட்டது. வேறு திட்டங்களில் 1% என்பது அரை விழுக்காடாகக் குறைந்தது. மகளிர் முகவர்களின் 4 விழுக்காட்டையும் படிப்படியாக 1 விழுக்காடாக்கலாம் என்று குழு பரிந்துரைத்திருந்தது. அரசு அதை ஏற்கவில்லை, 4% தொடர்ந்தது. முகவர்களுக்கு அது இழப்பின் ஆண்டுதான். ஆனால் குழு, அறிக்கை, அரசாணை என்ற வரிசை இருந்தது; காரணங்கள் அச்சில் இருந்தன; மறுத்துப் பேச ஓர் அரசு இருந்தது.

2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் தன் கமிஷன் அட்டவணையை மாற்றியது. ஏப்ரல் 14 அன்று அறிவிப்பு. ஏப்ரல் 21 முதல் நடைமுறை. அறைகலன்களுக்கு 8% என்பது 3% ஆனது. மளிகைக்கு 5% என்பது 1% ஆனது. பொதுமுடக்கத்தால் மக்கள் இணையக் கடைகளையே நம்பியிருந்த வாரங்கள் அவை. பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த தளங்களின் வருமானம் ஒரே வாரத்தில் பாதிக்கும் கீழே இறங்கக்கூடிய மாற்றம் அது. அதை விவாதிக்கும் குழு இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் கேரளத்தில் லாட்டரிக் குலுக்கல்களும் நின்றன. ஆனால் லாட்டரி முகவர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் சங்கங்களும் ஒரு நலநிதி வாரியமும் இருந்தன. இணைப்பைப் பகிர்பவருக்குச் சக முகவர் யார் என்பதே தெரியாது.

வருமான வரிச் சட்டமும் இவ்வேறுபாட்டைத் தன் போக்கில் காட்டுகிறது. 1961ஆம் ஆண்டின் சட்டத்தில் காப்பீட்டுக் கமிஷனுக்கு 194டி என்ற தனிப் பிரிவு இருந்தது. லாட்டரிச் சீட்டு விற்பனைக் கமிஷனுக்கு 194ஜி. பிற தரகுகள் அனைத்தும் 2001 ஜூன் முதல் 194எச் என்ற பொதுப் பிரிவின் கீழ் வந்தன. இணையத் தரகுக்கெனத் தனிப் பெயர் அதில் இருக்கவில்லை. சட்டத்தில் பெயர் பெற்ற தொழிலாளர் கூட்டாகக் கோரிக்கை வைப்பது எளிது.

மூன்றாவது கேள்வி வாங்குபவரைப் பற்றியது. காப்பீட்டு முகவருக்கும் மகளிர் முகவருக்கும் கமிஷன் உண்டு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சில நேரம் அதில் பங்கு கேட்கும் அளவுக்குத் தெரியும். 41ஆம் பிரிவு தடுக்க முயன்றது அதைத்தான். முதல் தவணையை முகவரே கட்டிவிடும் வழக்கம் அப்பிரிவை மீறி நிலவியதும் பலர் அறிந்தது. இணையத்தில் இது தலைகீழாயிற்று. கமிஷனின் ஒரு பகுதியை வாங்குபவருக்கே திருப்பித் தரும் ‘கேஷ்பேக்’ தளங்கள் வெளிப்படையான வணிகமாக வளர்ந்தன. காப்பீட்டில் குற்றமாக இருப்பது இங்கே விளம்பரத்தின் தலைப்பாக இருக்கிறது. மறுபுறம், நடுநிலை மதிப்புரைபோலத் தோன்றும் கட்டுரைக்குக் கீழே கமிஷன் இருப்பதை வாசகர் அறியாமல் போகலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளும், 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பரிந்துரையாளர்களுக்கான விளக்கங்களும் வந்தன. பொருளியல் தொடர்பு இருந்தால் அதைத் தெளிவாக, எளிய மொழியில், கண்ணில் படும் இடத்தில் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் சாரம். சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்குத் தண்டத்தொகை 10 லட்சம் ரூபாய் வரை. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. மனைவியின் முகமையை அரசுக்குத் தெரிவிக்கச் சொன்ன 1964ஆம் ஆண்டு விதியின் அறம்தான் இங்கும் தொடர்கிறது. அன்று தெரிவிக்க வேண்டியது மேலதிகாரிக்கு; இன்று வாங்குபவருக்கே.

இவ்வரலாற்றில் மாறாமல் இருப்பது உழைப்பின் தன்மை. ஆயிரம் ரூபாயைக் கையில் வாங்கி அட்டையில் குறிக்கும் பெண்ணும், ஐந்து மின்னரைப்பான்களை ஒப்பிட்டு எழுதும் மாணவரும் விற்பது ஒன்றையே: தம் சொல்லை நம்புவோரின் நம்பிக்கை. மாறியது அந்நம்பிக்கையைக் கணக்கிடும் பதிவேடு. அதைச் சட்டம் வகுத்தபோது நினைவு நீண்டிருந்தது. நிறுவனம் தானே வகுத்துக்கொள்ளும்போது அது 24 மணி நேரமாகிவிட்டது. தொழில்நுட்பத்தால் இது நேர்ந்தது என்று கூற முடியாது. ஒருவர் யாருடைய இணைப்பின் வழியே முதலில் வந்தார் என்பதை ஆண்டுக்கணக்கில் சேமித்துவைக்க இன்றைய கணினிக்கு முடியும்; காகிதப் பேரேட்டைவிட அதற்கு அது எளிது.

இணையத் தரகில் இறங்கும் மாணவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது விழுக்காட்டு அட்டவணையை. அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் நினைவின் காலம் குறிக்கப்பட்ட வரியையும், அட்டவணையை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று கூறும் வரியையும். திருவனந்தபுரத்தில் ஒரு மகளிர் முகவர் தம் கைப்பையில் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில், அடுத்த மாதம் யாரிடமிருந்து எவ்வளவு வரும் என்பது ஏறத்தாழத் தெரிந்திருக்கும். அந்தத் தெரிதலுக்குப் பின்னால் ஒரு சட்டமும், ஓர் அட்டையும், இழப்பு வந்தபோது கேள்வி கேட்க ஓர் அலுவலகமும் இருந்தன. இணையத் தரகருக்கு அத்தகைய அலுவலகம் எங்கே அமையும் என்பது தொழிலாளர் வரலாற்று மாணவர்கள் இனி கேட்க வேண்டிய கேள்வி.